கொழுக்கட்டை நாளின் வரிசை

ஸகோர்கா மேடத்தின் பாடத்தில் மதிப்பெண் போடுவது அவர் இல்லை. "உலகம் போடும், நான் கையெழுத்து மட்டும்தான்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

கணித மாதிரிகளும் கணினி நிரலும். இரண்டாம் ஆண்டில் வரும் பாடம். ஆளுக்கொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாதிரி கட்டி, நிரல் எழுதி, அந்த நிரல் என்ன சொல்கிறதோ அதைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதிவிட வேண்டும். மேடம் அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மேலே 'அழிக்காதே' என்று எழுதுவார். தேர்வு நாளில் மொத்த வகுப்பும் எழுந்து போய், நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கும். எழுதியதற்கும் நடந்ததற்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செப்டம்பரில் மறுபடி வரவேண்டும்.

போன வருடம் ஒரு சீனியர், விடுதிக் கொதிகலனில் வெந்நீர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதியிருந்தாராம். தேர்வு நாளில் அவரே குளிக்கப் போனார். கதவுக்கு வெளியே வகுப்பு முழுவதும் கைக்கடிகாரத்தோடு நின்றது. தலை நிறைய நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க வெளியே வந்தவர், "கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு, ஆனா அஞ்சுல ஒரு பங்குக்குள்ளதான் இருக்கு" என்றாராம். பத்துக்கு எட்டு கிடைத்தது.

செப்டம்பர் எனக்கு ஆகாது. எங்கள் விடுதியில் அடுத்த வருடத்து அறைகளை ஜூலையில் பிரிப்பார்கள், ஜூன் வரை யார் எத்தனை பாடம் முடித்திருக்கிறார்கள் என்று பார்த்து. குளிர்காலத்தில் நான் ஏற்கெனவே ஒரு பாடத்தைக் கோட்டைவிட்டிருந்தேன். இதுவும் போனால் கட்டில் போகும். செர்பியாவின் இந்த நோவி சாத் நகரத்தில் வெளியே அறை எடுத்துத் தங்குவது எங்கள் வீட்டால் ஆகாத காரியம். நேராகச் சொந்த ஊர் கிகிண்டாவுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். கிகிண்டா நல்ல ஊர். சதுக்கத்து மரங்களில் ஆந்தைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அவற்றோடு உட்கார்ந்திருக்க எனக்கு இன்னும் வயதாகவில்லை.

இருந்தாலும் நான் பயப்படவில்லை. நிரல் எழுதுவது எனக்குக் கைவந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. முதல் வருடம் நான் எழுதிய முதல் நிரலில் ஒரு பந்தை மேலிருந்து விட்டேன். அது விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது, திரைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது. தரை என்று ஒன்று இருப்பதை நான் அதற்குச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்துக்குப் பதில் ஒரு கிறக்கம் வந்தது. நான் சொன்னது மட்டுமே இருக்கும், சொல்லாதது இல்லவே இல்லை என்று ஓர் உலகம்! அன்றிலிருந்து மற்றவர்கள் தூக்கத்தில் கனவு காணும் விஷயங்களை நான் விழித்துக்கொண்டே விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயமாக நான் எடுத்துக்கொண்டது எங்கள் மென்சாவின் வரிசையை. மென்சா என்றால் மாணவர் உணவகம். எப்போதும் பசியோடு இருக்கும் ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்காது. மதியம் பன்னிரண்டரைக்கு வந்து கடைசியில் நிற்கும் ஒருவர் தட்டோடு நகர எத்தனை நிமிடம் ஆகும்? இவ்வளவுதான் என் கேள்வி.

ஒரு வாரம் வாசலில் நின்று, எத்தனை பேர் எப்படி எப்படி வருகிறார்கள் என்று எண்ணினேன். பரிமாறுகிற யாகொதா அக்கா ஒரு தட்டுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்த்தேன். நிரலில் ஒரு காலி வரிசை. ஆட்கள் வருவார்கள், கடைசியில் சேர்வார்கள், முன்னாலிருந்து ஒவ்வொருவராகக் கழிவார்கள். ஓடவிட்டேன். ஒரு கண்ணிமைப்பில் ஆயிரம் மதியங்கள் ஓடி முடிந்தன, யாருமே சாப்பிடாத ஆயிரம் மதியங்கள். விடை பதினொரு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை, பீன்ஸ் குழம்பு நாள், பன்னிரண்டரைக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். யாகொதா அக்கா என் தட்டில் குழம்பை ஊற்றும்போது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

"நிமிஷத்தை எதுல பார்த்தே? கோட்டைக் கடிகாரத்துலயா?" என்றான் ரெல்யா. ஆற்றங்கரைக் கோட்டையின் கோபுரத்தில் இருக்கும் அந்தக் கடிகாரத்தில் பெரிய முள் மணியையும் சின்ன முள் நிமிடத்தையும் காட்டும். வெளியூர்க்காரர்கள் அதை நம்பி ரயிலைத் தவறவிடுவார்கள்.

ரெல்யா என் வகுப்பு. மேடம் ஆளுக்கொரு எதிராளியை நியமித்திருந்தார். நாம் கட்டுவதை ஓட்டை பார்த்து இடிப்பது எதிராளியின் வேலை. எனக்கு வாய்த்தவன் ரெல்யா. இடிப்பதில் அவனுக்கு இருந்த ஆர்வத்தில் பாதி அவனுடைய சொந்த மாதிரியில் இருந்திருந்தால் அவன் இந்நேரம் பேராசிரியர் ஆகியிருப்பான்.

மறுபடி எண்ணினேன். வாசலில் நுழைகிறவர்கள் எண்ணிக்கை சரி. யாகொதா அக்காவின் கரண்டி சரி. உள்ளே வருவதும் சரி, வெளியே போவதும் சரி. நடுவில் மட்டும் நேரம் எங்கேயோ கரைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின், எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கடைசி வரியில் விடையை இரண்டு புள்ளி நாலால் பெருக்கினேன். இப்போது பீன்ஸ் நாள் அச்சாகப் பொருந்தியது.

அடுத்த வகுப்பில் நிரலைச் சுவரில் காட்டினேன். ரெல்யா நாற்காலியில் முன்னால் சாய்ந்தான்.

"அந்தக் கடைசி வரி. ரெண்டு புள்ளி நாலு. அது யாரு?"

"யாருன்னா?"

"பேர் என்னன்னு கேக்கறேன். ஒரு தட்டுக்கு ஆகிற நேரம்னு ஒரு எண்ணு இருக்கு, அது யாகொதா அக்கா. ஒரு நிமிஷத்துக்கு வர்றவங்கன்னு ஒரு எண்ணு இருக்கு, அது நாம. இந்த ரெண்டு புள்ளி நாலு யாரு? உன் சித்தப்பாவா?"

வகுப்பு சிரித்தது. "அது மென்சாவோட சுபாவம்" என்றேன்.

"சுபாவமாம்! மேடம், இவ கவிதை எழுதறா."

ஸகோர்கா மேடம் கம்பளிச் சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடிக்கொண்டே, "ரெல்யா சொல்றது சரி. பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ரெல்யா மேல் எனக்கு இருந்த கோபத்தில் அவன் சொன்னது சரி என்பதும் ஒரு பங்கு. அந்த வரியை அழித்தேன். மறுநாளும் மென்சா வரிசையின் கடைசியில் போய் நின்றேன், இந்தத் தடவை எதையும் அளக்காமல், சும்மா.

முன்னால் ஒரு தாடிக்காரன் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பெண்கள். எங்கிருந்தோ ரெல்யா வந்தான், என்னைப் பார்த்து "ஓ, விஷ்னியா" என்றான், என்னைத் தாண்டிப் போய்த் தாடிக்காரனின் தோளில் கை போட்டு நின்றுகொண்டான். அவன் போக வசதியாக நான் என் பையைத் தள்ளி வழிவிட்டேன். பிறகு அந்தப் பெண்களிடம் இன்னும் மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் வழிவிட்டேன். அப்போது முன்னால் எங்கோ தூரத்தில், பரிமாறும் ஜன்னலுக்குப் பக்கத்தில், என் அறைத்தோழி எமெஷெ எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஏய் விஷ்னியா! அங்க ஏன்டீ நிக்கிறே? இடம் பிடிச்சிருக்கேன், வா!"

நான் போகக் கால் எடுத்தேன். எடுத்த கால் அப்படியே நின்றது.

இரண்டு வருடமாகத் தினமும் இப்படித்தான் சாப்பிடுகிறேன். எமெஷெவுக்கு வகுப்பு சீக்கிரம் முடிந்தால் அவள் நிற்பாள், நான் போய்ச் சேர்வேன். எனக்கு முடிந்தால் நான் நிற்பேன், எங்கள் மாடியில் பாதிப் பேர் வந்து சேர்வார்கள். மென்சாவில் யாரும் இதை வரிசையை உடைப்பது என்று நினைப்பதில்லை. ஒருவர் நின்றால் அவருடைய அறையே நிற்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதனால் என் கண்முன்னால் நாலு பேர் நுழைந்தபோதும் ஒருவர்கூட நுழைந்ததாக எனக்குப் படவில்லை. நானே பையைத் தள்ளி வழிவிட்டிருக்கிறேன்! ஆனால் என் நிரலில் வருகிறவர்கள் எல்லோரும் ஒழுங்காகப் போய்க் கடைசியில் சேர்ந்தார்கள். தரை இருப்பதைப் பந்துக்குச் சொல்லாத மாதிரி, நண்பர்கள் இருப்பதை நான் அதற்குச் சொல்லவில்லை.

எங்கள் வரிசை கடைசியில் வளர்வதில்லை. நடுவில் வளர்கிறது.

"என்னடீ, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? குழம்பு ஆறிடும்!" எமெஷெ கத்தினாள்.

மென்சா வாசலுக்கு வெளியே எலுமிச்சை நிறத்தில் பூத்துக் கிடந்த லிண்டன் மரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன். வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் கடைசிக்குப் போகவில்லை, முன்னால் யாரையாவது தேடிப் போனார்கள். நிரலில் மாற்றியது ஒரே ஒரு இடம்தான். 'கடைசியில் சேர்' என்றிருந்ததை, பத்துக்கு ஆறு தடவை 'நடுவில் எங்காவது நுழை' என்று ஆக்கினேன். ஓடவிட்டேன். தனியாக வந்து கடைசியில் நிற்பவருக்கு இருபத்தைந்து நிமிடம். பெருக்கல் இல்லை, சித்தப்பா இல்லை.

விசித்திரம் அதற்குப் பிறகுதான். எல்லோருடைய காத்திருப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்துப் பார்த்தேன். பழைய பதினொன்றேதான். பிழை என்று நினைத்து நிரலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். பிழை இல்லை. யாகொதா அக்காவின் கரண்டி வேகம் மாறவில்லையே. யார் எங்கே நுழைந்தாலும் மொத்த நேரம் அதே நேரம்தான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது, அவ்வளவே.

கட்டிலில் படுத்துச் செர்ரிப்பழம் தின்றுகொண்டிருந்த எமெஷெவிடம் சொன்னேன்.

"அப்ப என்னால யாருக்கும் நஷ்டம் இல்லேன்னு சொல்லு" என்றாள்.

"நீ மிச்சம் பிடிக்கிற நிமிஷத்தை எல்லாம் கடைசியில நிக்கிற ஆள் குடுக்குது."

"யார் அந்த ஆள்?"

"இன்னும் யாரும் கூப்பிடாத ஆள்."

எமெஷெ கொட்டையைத் துப்பிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். "முதல் வருஷம் நான்தான்" என்றாள். "செந்தாவிலேருந்து வந்து, வீட்டுல ஹங்கேரி மொழி, இங்க செர்பிய மொழி தட்டுத் தடுமாறிப் பேசிக்கிட்டு. தினமும் அரை மணி நேரம். இந்த ஊர்ல சாப்பாடு போடறதே மெதுவாத்தான் போலன்னு நினைச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வந்த புதிதில் அந்த வரிசையில் நின்று ஒரு தடித்த நாவலையே முடித்திருக்கிறேன். பெரிய நகரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பிறகு எமெஷெ கிடைத்தாள், நாவல்கள் முடியாமல் பாதியில் நிற்க ஆரம்பித்தன.

தேர்வுக்கு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வியாழன் பிளம் கொழுக்கட்டை நாள். உருளைக்கிழங்கு மாவுக்குள் ஒரு முழு பிளம், மேலே வறுத்த ரொட்டித் தூளும் சர்க்கரையும். அன்றைக்கு வரிசை மென்சாவுக்குள் அடங்காது, வாசலைத் தாண்டி லிண்டன் மரம்வரை வரும். சுலபமான நாளில் ஜெயிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அன்றைய கூட்டத்தை நிரலில் போட்டு ஓடவிட்டு, வந்த விடையைப் பலகையில் எழுதினேன்: 'வியாழன், கொழுக்கட்டை. பன்னிரண்டரைக்குத் தனியாக வருபவர்: 40 நிமிடம்.' மேடம் கட்டம் போட்டார்.

"நாப்பதா?" என்றான் ரெல்யா. "நான் ஒரு நாளும் பத்து நிமிஷத்துக்கு மேல நின்னதில்லையே."

"அந்த முப்பது நிமிஷம் எங்க போச்சுன்னு உனக்கு வியாழக்கிழமை தெரியும்."

வியாழக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. வகுப்பு மொத்தமும் முற்றத்தைக் கடந்து மென்சாவுக்குப் போனோம். நாங்கள் எல்லோரும் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றோம். பன்னிரண்டரைக்கு ஸகோர்கா மேடம் தனியாகப் போய், மரத்தடியில் வரிசையின் கடைசியில் நின்றார். கம்பளிச் சட்டை, சங்கிலி போட்ட கண்ணாடி, மார்பில் கட்டிய கைகள். எமெஷெ வரிசையின் நடுவில் இருந்தாள், வழக்கம்போல எங்கள் மாடிக்கு இடம் பிடித்துக்கொண்டு.

முதல் ஐந்து நிமிடத்திலேயே என் கணக்கு தடம் புரண்டது.

கூடைப்பந்து ஆடும் ஒரு நெட்டையன் வேகமாக வந்தான். முன்னால் நின்ற நண்பனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். மேடத்தைப் பார்த்தான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்தான். பிறகு குனிந்து, சரியாகக் கட்டியிருந்த ஷூ நாடாவை இன்னொரு தடவை கட்டினான். அப்படியே பின்னால் நடந்து போய்க் கடைசியில் நின்றுகொண்டான். அடுத்து வந்த மூன்று பெண்களும் அப்படியே. மேடம் யாரென்று தெரியாதவர்கள்கூட அந்தக் கைகட்டலைப் பார்த்து ஒழுங்காகப் பின்னால் போனார்கள். எங்கள் மாடிப் பெண்கள் எமெஷெவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். எமெஷெ என்னைப் பார்த்து, என்னடீ இது என்பதுபோல இரண்டு கைகளையும் விரித்தாள்.

வரிசை சர்ச் மாதிரி இருந்தது. ஒருவர்கூட நடுவில் நுழையவில்லை. மேடம் ஒவ்வொரு அடியாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார், என் நாற்பதை நோக்கி அல்ல.

ரெல்யா என் காதருகே வந்தான். கிண்டல் செய்யத்தான் வந்திருப்பான், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "விஷ்னியா, இது போகிற போக்குல சீக்கிரமே ஜன்னலுக்குப் போயிடுவாங்க. உன் நாப்பது..."

"தெரியும்."

"செப்டம்பர்னா உன் ரூமு..."

"தெரியும்டா. கொஞ்சம் சும்மா இரு."

மென்சாப் படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அந்த இரண்டு புள்ளி நாலு இன்னும் நிரலில் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். சித்தப்பாவிடம் போய், மேடத்தைப் பார்த்தால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று கேட்க முடியாது. ஆனால் என்னிடம் இருந்தது பத்துக்கு ஆறு. அது யார் என்று எனக்குத் தெரியும். அது எமெஷெவை நோக்கிப் போகும் எங்கள் மாடிப் பெண்கள், தாடிக்காரனை நோக்கிப் போகும் ரெல்யா, நெட்டையன், நான். அவர்கள் எல்லோரும் இப்போது பயந்து பின்னால் நிற்கிறார்கள். ஆறை அழித்துப் பூஜ்யம் போட்டேன். ஓடவிட்டேன். ஆயிரம் கொழுக்கட்டை மதியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸகோர்கா மேடம்.

எழுந்து நேராக அவரிடம் போனேன்.

"மேடம், நீங்க என் வரிசையைக் கெடுத்துட்டீங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கண்ணாடியை இறக்கினார். "நான் சும்மாத்தானே நிக்கிறேன்?"

"அதான் பிரச்சினையே. நீங்க நிக்கிறதால யாரும் நடுவுல வர மாட்டேங்கறாங்க. நான் பலகையில எழுதினது யாரும் கண்டுக்காத ஆளுக்கு. உங்களைப் பார்த்து இங்க எல்லாரும் ஷூ நாடா கட்டறாங்க."

பின்னால் நெட்டையன் இருமினான்.

"சரி. அப்ப எனக்கு எவ்வளவு?"

"இருபது."

"இதை எப்போ போட்டே?"

"இப்பதான், அந்தப் படிக்கட்டுல. நீங்க இன்னும் ஜன்னலுக்கு வரலையே மேடம். முன்னாடியே சொல்லணும்கிறதுதானே விதி? முன்னாடிதான் சொல்றேன்."

மேடம் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மென்சாவின் செங்கல் சுவரில் 20 என்று எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, மேலே 'அழிக்காதே' என்று எழுதினார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

யாகொதா அக்கா மேடத்தின் தட்டில் கொழுக்கட்டைகளை வைத்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு நிமிடம், "ரொம்ப இளைச்சுட்டீங்களே, இன்னொண்ணு வைக்கட்டா?" என்று அக்கா கேட்டதில் போனது.

எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தோம். நான் என் இந்தெக்ஸை, மதிப்பெண்ணும் கையெழுத்தும் வாங்குகிற அந்தக் குட்டிப் புத்தகத்தை, மேடத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"இருபது சரி. பலகையில இருக்கிறது நாப்பது. அதை யார் பார்க்கிறது?"

"நான் நிக்கிறேன் மேடம்" என்றான் ரெல்யா.

"நீயா? நீ வாசல்ல கால் வைச்சா பத்துப் பேர் கூப்பிடுவாங்க" என்றாள் எமெஷெ. மேசையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் அந்த வரிசையில் யாராவது ஒருவர் இருந்தார்கள்.

மேடம் வாயில் இருந்த பிளம் கொட்டையை எடுத்துத் தட்டில் வைத்தார். "ஸ்ரெஞானின் ஊர்ல என் தங்கை இருக்கா. இங்க அவளுக்கு ஒரு ஆளைத் தெரியாது. கொழுக்கட்டைன்னா வருவா. அடுத்த வியாழன்."

அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். எமெஷெதான் தூங்கவில்லை. "எனக்கு ரூம் மேட்டா குறட்டை விடறவ வந்தா உன்னை விடமாட்டேன்" என்று தினமும் மிரட்டினாள்.

அடுத்த வியாழன் பன்னிரண்டரைக்கு, லிண்டன் மரத்தடியில், மேடத்தின் அதே மூக்கோடு ஆனால் மிகவும் சாதுவான முகத்தோடு ஒரு பெண்மணி வந்து நின்றார். மேடம் வரவில்லை. நெட்டையன் வந்தான், கையைத் தூக்கினான், அந்தப் பெண்மணியைத் தாண்டி நேராக நண்பனிடம் போனான். எங்கள் மாடிப் பெண்கள் எமெஷெவிடம் போனார்கள். எமெஷெ என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் தயங்கினேன். ஆனால் சோதனை நடக்கும்போது வரிசை வழக்கம்போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வீண். எனவே கணிதத்துக்காக நானும் போய் எமெஷெவுக்குப் பின்னால் நுழைந்துகொண்டேன்.

தங்கை ஜன்னலுக்கு வரும்போது முப்பத்தேழு நிமிடம். அவர் தட்டில் விழுந்தது இரண்டே கொழுக்கட்டை, அண்டாவில் மிஞ்சிய கடைசி இரண்டு. எங்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தன் அக்காவுக்கு, அதாவது எங்கள் மேடத்துக்கு, போன் போட்டார்.

"ஸகோர்கா, நீ என்ன மாதிரி இடத்துல பாடம் நடத்தறே? எனக்கு முன்னாடி ஒரு ஊரே நுழைஞ்சுது. நான் ஒண்ணும் பேசல. முப்பத்தேழு நிமிஷம். ஆமா, பார்த்தேன்... என்னது? எதுக்குச் சிரிக்கிறே?"

நான் எழுந்து போய் என் தட்டிலிருந்து மூன்றை அவர் தட்டுக்கு மாற்றினேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நுழைந்தவர்களில் நானும் ஒருத்தி என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

மறுநாள் மேடம் இந்தெக்ஸில் ஒன்பது போட்டுக் கையெழுத்திட்டார்.

"பத்து ஏன் இல்ல மேடம்?"

"என் தங்கைக்கு ரெண்டுதான் கிடைச்சுது. கொழுக்கட்டை தீர்ந்துபோகும்கிறது உன் புரோகிராமுக்குத் தெரியுமா?"

தெரியாது. என் நிரலில் யாகொதா அக்காவின் அண்டா அடியே இல்லாதது. நான் அதற்கு அடி இருப்பதாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன், மதிப்பெண் மாறாது என்று தெரிந்தும்.

அக்டோபரில் நானும் எமெஷெவும் அதே அறையில், அதே கட்டில்களில் இருந்தோம். முதல் வியாழக்கிழமை மென்சாவுக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். ஜன்னலுக்கு அருகிலிருந்து கையை ஆட்டினாள். மரத்தடியில், வரிசையின் கடைசியில், ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். பச்சைப் பை, கையில் ஒரு தடித்த நாவல், முதல் அத்தியாயத்தில் விரல். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நுழைந்தார்கள். அவள் பையைத் தள்ளி வழிவிட்டாள்.

எமெஷெவுக்கு, நீ சாப்பிடு என்று சைகை காட்டிவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"எந்த ஊரு?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சோம்போர்."

"வியாழக்கிழமை உனக்கு வகுப்பு எப்ப முடியும்?"

"பன்னெண்டுக்கு. ஏன்?"

"நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் எனக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வை" என்றேன். "என் பேரு விஷ்னியா. ஜன்னலுக்குப் பக்கத்துல ஒருத்தி கையை ஆட்டறா பாரு, அவ எமெஷெ. அவளையும் தெரிஞ்சு வைச்சுக்கோ."